சாந்தமான ஆளாக மாற எந்த வழி: மாலையா, முகாமா, அன்னதானமா, வேறு ஏதாவதா?

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் யாரைப் பற்றிப் பேச்சு எடுத்தாலும் கடைசியில் ஒரு இழுவை வரும். "ஆளு தங்கம், ஆனா அந்த வாய்தான்..." அப்படி இழுக்கப்படுகிற ஆள்களை எனக்கு நிறையத் தெரியும். கெட்டவர்கள் இல்லை. வீட்டுக்காக ராத்திரி பகல் உழைக்கிறவர்கள், அக்கம்பக்கத்தில் ஒரு சாவு என்றால் முதலில் வந்து நிற்கிறவர்கள். அவர்களில் பல பேருக்கு மாற வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. எப்படி மாறுவது என்று கேட்டால்தான் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்: வாயைக் கட்டு, மாலை போடு, தியான முகாமுக்குப் போ, அன்னதானத்துக்கு வந்து நில்லு, டாக்டரைப் பாரு. எல்லாமே நல்ல யோசனைதான். ஆனால் எல்லாமே எல்லாருக்கும் ஆகாது, அதனால் ஒவ்வொன்றையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அளவுகோல் ஒன்றே ஒன்று வைத்துக்கொள்கிறேன். காலை ஆறேகால் மணிக்கு அந்த வழி உங்கள் கூட இருக்குமா? ஏன் ஆறேகால் என்றால், தோட்டத்தில் பெரட்டு, அதாவது காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற வரிசை, முடிந்து ஆள் பிரிகிற நேரம் அது, வீட்டில் பள்ளி வேன் வந்து ஹார்ன் அடிப்பதற்கு முந்தின நேரமும் அது. நம் ஊரில் கடுஞ்சொல்லில் பெரும்பங்கு அந்த ஒரு மணி நேரத்தில்தான் செலவாகிறது என்பது, தோட்ட ஆபீசில் கிராணி (குமாஸ்தா) வேலை பார்த்துக்கொண்டு தினமும் அதைக் காதால் கேட்கிற என் கணிப்பு.

அப்புறம் இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் குரல் நாம் பிறக்கும்போதே கொண்டுவந்தது இல்லை. தோட்டத்தில் துரை கிராணியைத் திட்டுவார், கிராணி கங்காணியைத் திட்டுவார், கங்காணி ஆள்களைத் திட்டுவார், ஆள் வீட்டுக்குப் போய் பெண்டாட்டி பிள்ளையைத் திட்டுவான். 1910இல் ஒப்பந்தக் கூலி முறையை நிறுத்தினார்கள், 1938இல் இந்திய அரசாங்கம் மலாயாத் தோட்டங்களுக்குக் கூலி ஆள் அனுப்புவதையே தடை செய்தது, கங்காணி முறை அதோடு போனது. ஆனால் குரல் மட்டும் தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு, அப்பாவிடமிருந்து நமக்கு என்று வந்துகொண்டே இருக்கிறது. இன்றைக்குப் பெரட்டுக் களத்தில் வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்துப் பையன்களும் இந்தோனேசியர்களும். அவர்களைப் பார்த்து "லெக்காஸ்! லெக்காஸ்!" என்று, அதாவது சீக்கிரம் சீக்கிரம் என்று, கத்துகிற தண்டல் (வேலை மேற்பார்வையாளர்) பல இடங்களில் தமிழர். இதைச் சொல்ல எனக்கு வலிக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ஏனென்றால் கடுமை எப்போதும் திருப்பிப் பேச முடியாத ஆள் மேல்தான் இறங்கும். மேனேஜரிடம் நமக்குக் கோபமே வருவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? அங்கே தானாகவே அடங்கிவிடுகிறது. அப்படியென்றால் அடக்கும் சக்தி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அது யாரிடம் வேலை செய்வதில்லை என்பதைப் பார்த்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சரி, முதல் வழி, வாயைக் கட்டுவது. காசு செலவில்லை, யாரையும் கேட்க வேண்டியதில்லை, இந்த நிமிஷமே ஆரம்பிக்கலாம். பெரியவர்கள் அதிகம் சொல்வதும் இதுதான். நேரம் சின்னதாக இருந்தால் நன்றாகவே உதவும்: குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ராத்திரி பதினொரு மணிக்கு மைத்துனர் ஏதோ போட்டுவிட்டார் என்றால் காலை வரை பதில் போடாமல் இருப்பது ரொம்ப நல்ல முடிவு. ஆனால் நாள் பூராவும் இதையே நம்பினால் வேறு ஒன்று நடக்கிறது. எமிலி பட்லர் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 2003இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். முன்பின் அறியாத பெண்களை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, மனதைக் கலக்குகிற ஒரு படத்தைக் காட்டி அதைப் பற்றிப் பேச விட்டார்கள். சில ஜோடிகளில் ஒருவரிடம் மட்டும் "உள்ளே என்ன தோன்றினாலும் முகத்தில் காட்டாதே" என்று ரகசியமாகச் சொல்லியிருந்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு அது தெரியாது, ஆனால் அந்த எதிராளியின் இரத்த அழுத்தம் ஏறியது. முகத்தை இறுக்கிக்கொண்டு மௌனமாக இருக்கிற அப்பா இருக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். கத்துகிற அப்பாவை விட அந்த மௌனத்துக்குத்தான் பிள்ளைகள் அதிகம் பயப்படுவார்கள். அதனால் வாயைக் கட்டுவதை நான் ஒரு முதலுதவியாக மட்டும்தான் வைக்கிறேன்.

இதற்கு நேர் எதிர், கொட்டித் தீர்ப்பது. "மனசுல வச்சுக்காதே, கத்திட்டா சரியாப் போயிடும்" என்பார்கள். இது தவறு என்று துணிந்து சொல்லலாம். பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில் 600 மாணவர்கள் இருந்தார்கள். முதலில் அவர்களுக்குக் கோபம் வரும்படி செய்துவிட்டு, ஒரு பகுதியினரை, கோபப்படுத்திய ஆளையே நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தச் சொன்னார்கள். இன்னொரு பகுதியினர் இரண்டு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். குத்தியவர்களுக்குத்தான் கோபம் கூடியது. அதே புஷ்மனும் இன்னொருவரும் 154 ஆய்வுகளைத் திரட்டி 2024இல் பார்த்தபோதும் முடிவு அதே பக்கம்தான் போனது: மூச்சைக் கவனிப்பது, தியானம், தசைகளைத் தளர்த்துவது மாதிரி உடம்பைத் தணிக்கிறவை கோபத்தைக் குறைக்கின்றன, உடம்பைச் சூடேற்றுகிறவை குறைப்பதில்லை. மெதுவோட்டம்கூட இதில் உதவவில்லை. (சாயங்காலம் திடலில் பந்து விளையாடுகிறவர்கள் தொடர்ந்து விளையாடுங்கள், அது இதயத்துக்கு நல்லது, வீட்டுக் கோபத்துக்கு அதை மருந்தாக நம்ப வேண்டாம் என்பதுதான் விஷயம்.) பீரும் சம்சு என்கிற மலிவுச் சாராயமும் இந்த வரிசையில் பேசுவதற்கே தகுதி இல்லாதவை.

மூன்றாவது, விரதம். தைப்பூசத்துக்கோ ஐயப்பனுக்கோ மாலை போட்ட ஒருவரை அந்த நாள்களில் பாருங்கள், ஆளே வேறு. விடியலுக்கு முன்னால் குளியல், மாமிசம் இல்லை, மது இல்லை, குரலும் இறங்கிவிடும். நான் இதை மனதார மதிக்கிறேன். குறிப்பாக ஐயப்ப விரதத்தில் எதிரே வருகிற எல்லாரையும், சின்னப் பையனாக இருந்தாலும், "சாமி" என்று கூப்பிட வேண்டும் என்ற ஒழுங்கு இருக்கிறதே, அதை யார் ஏற்படுத்தினார்களோ மனிதர்களை நன்றாகத் தெரிந்தவர்கள். ஒருவனைச் சாமி என்று கூப்பிட்டுவிட்டு உடனே அடுத்த வார்த்தையாக நாயே என்று சொல்ல யாருக்கும் நாக்கு வராது. ஆறேகால் மணிச் சோதனையில் விரதம் தேறுகிறது, மாலை கழுத்தில் இருக்கிற வரைக்கும். 41 நாள் மண்டலம் முடிந்து மாலையைக் கழற்றியதும் ஒரே வாரத்தில் பழைய ஆள் திரும்பி வருவதைத்தான் பெரும்பாலும் பார்க்கிறோம். காரணம், அந்தக் கட்டுப்பாடு சாமிக்காக இருந்தது, பெண்டாட்டிக்காகவோ கூட வேலை செய்கிறவனுக்காகவோ இல்லை. ஏற்கெனவே மாலை போடுகிற பழக்கம் உள்ளவர்களுக்கு நான் சொல்வது, அதை விட வேண்டாம், ஆனால் மாலையைக் கழற்றும்போது அந்தப் பழக்கங்களில் ஒன்றை மட்டும் கழற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஆளை அழைக்கிற விதம் அதற்கு நல்ல தேர்வு. "டேய்" போய் "தம்பி" வந்தாலே போதும், "ஓய் பங்களா" என்று வங்காளதேசத்துப் பையனைக் கூப்பிடுவது போய் அவனுடைய சொந்தப் பெயர் வந்தால் ரொம்பவே போதும்.

நான்காவது, பத்து நாள் தியான முகாம். கோயங்கா வழி விபாசனா மையம் ஒன்று பகாங்கில் கம்பாங்கில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, ஏற்கெனவே பயிற்சி முடித்தவர்கள் தருகிற நன்கொடையில் நடக்கிறது. காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும், பேச்சு கிடையாது, கைப்பேசியை வாங்கி வைத்துவிடுவார்கள். போய் வந்த சிலரின் முகத்தில் ஒரு தெளிவு இருப்பதை நானே பார்த்திருக்கிறேன், குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகாதவருக்கு வருஷத்துக்கு 8 நாள் விடுப்பு, இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் 12 நாள், அதற்கு மேல் 16 நாள். போகிற நாளும் திரும்புகிற நாளும் சேர்த்தால் முகாமுக்குப் பன்னிரண்டு நாள் ஆகிறது. ஓய்வு நாள்களைக் கழித்துப் பார்த்தாலும், நான்கு வருஷம் வேலை செய்த ஒருவர் அந்த வருஷத்து விடுப்பைக் கிட்டத்தட்ட முழுதாகக் கொடுத்தால்தான் முடியும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எடுக்க விடுப்பு இருக்காது, அது வீட்டில் புதுசாக ஒரு சண்டைக்குக் காரணமாகும். அதோடு, திரும்பி வந்த பிறகு காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள், பலன் நிற்பது அதில்தான். இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கிற குடும்பத்தில் அந்த ஒரு மணி நேரத்தை யார் யாருக்கு விட்டுக்கொடுப்பது? பணி ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்டவர்கள் தாராளமாகப் போகலாம். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் ஒருவர் பன்னிரண்டு நாள் சாந்தமாக உட்கார்ந்திருப்பதற்கு இன்னொருவர் பன்னிரண்டு நாள் தனியாக அல்லாட வேண்டியிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள்.

அன்னதானம், சேவை பற்றி. வள்ளலார் 1867இல் வடலூரில் தருமச்சாலை அடுப்பை ஏற்றினார், அது இன்றைக்கும் அணையாமல் எரிகிறது. பசித்தவனுக்குச் சோறு போடுவதில் மனம் இளகும் என்பதை அவர் அனுபவத்தில் கண்டு சொன்னார், சந்தேகமே இல்லை. கோயிலில் வரிசையாக வருகிறவர்களுக்குச் சாம்பார் ஊற்றும்போது நம் கையும் கண்ணும் பேச்சும் தானாக மெதுவாகிவிடும். என் தயக்கம் ஒன்றுதான். முன்பின் தெரியாதவரிடம் மென்மையாக இருப்பது சுலபம், அவர் நம் சட்டையை அழுக்காக்கியதில்லை, நம் காசைத் தொலைத்ததில்லை. வீட்டுக்குள் வரும்போது அந்த மென்மை வாசலிலேயே நின்றுவிடுவதுண்டு. தனியாக இருப்பவர்களுக்கு, யாரிடமும் பேசாமலே பேச்சு வறண்டு கடுமையாகிப் போனவர்களுக்கு, எல்லா வழியிலும் இதுதான் முதல் என்பேன்.

இனி நான் உண்மையில் பரிந்துரைக்கிற வழி. அதற்கு ஒரு பெயரும் கிடையாது, யாரும் சான்றிதழ் தரமாட்டார்கள். அவசரத்தைக் குறைப்பது, தூரத்தைக் குறைப்பது, இவ்வளவுதான்.

அவசரத்தைப் பற்றி ஒரு பழைய ஆய்வு இருக்கிறது, 1973இல் டார்லியும் பேட்சனும் செய்தது. அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் பாதிரியாராகப் படித்துக்கொண்டிருந்த 40 மாணவர்கள். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சின்னப் பேச்சுப் பேச வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள், சிலருக்குக் கொடுத்த தலைப்பே வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகிற வழியில் ஒரு ஆள் தலையைத் தொங்கப் போட்டு முனகிக்கொண்டு கிடந்தான். அவசரம் இல்லாதவர்களில் 63 விழுக்காட்டினர் உதவினார்கள். நேரமாகிவிட்டது, ஓடு என்று விரட்டப்பட்டவர்களில் உதவியது 10 விழுக்காட்டினர். எந்தக் கதையைப் பேசப் போனார்கள் என்பது பெரிய வித்தியாசத்தை ஏற்படுத்தவில்லை. அதாவது நல்லதைப் பற்றித் தெரிந்திருப்பது அந்த நிமிஷத்தில் கை கொடுக்கவில்லை, கையில் இருந்த நேரம்தான் கை கொடுத்தது. இதைப் படித்ததிலிருந்து "அவனுக்கு இரக்கமே இல்லை" என்று யாரைப் பற்றியும் சட்டென்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

நம் வீட்டில் இதை எப்படிச் செய்வது? கடுஞ்சொல் எந்த நேரத்தில் வருகிறது என்று ஒரு வாரம் பார்த்தால் இரண்டு மூன்று இடங்கள்தான் இருக்கும். காலுறை கிடைக்கவில்லை, தேர்வுத்தாளில் கையெழுத்து வாங்கவில்லை, மோட்டாரில் எண்ணெய் இல்லை. இவை எல்லாம் முந்தின ராத்திரி பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை. (பள்ளிகள் வெள்ளைக் காலணியிலிருந்து கருப்புக்கு மாறியபோது எத்தனையோ வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைச் சத்தம் குறைந்தது, அம்மாக்கள் யாரும் ஞானம் பெற்றதால் இல்லை, தேய்த்து வெயிலில் காயவைக்கிற வேலை போனதால்.) காலையில் இருபது நிமிஷம் முன்னால் எழுவதை நான் தியானத்துக்குச் சமமாக வைக்கிறேன். அந்த இருபது நிமிஷத்தில் ஒன்றும் செய்ய வேண்டாம், அது சும்மா இருக்கட்டும். பிள்ளை பால் டம்ளரைத் தட்டிவிடும்போது துடைக்க அந்த நேரம் தேவைப்படும்.

தூரம் என்று சொன்னேனே, அதைப் பக்கத்தில் நின்று பார்த்தது ஒரு தண்டலிடம். செம்பனையில் (எண்ணெய்ப் பனை) பழுக்காத காய்க்குலையை வெட்டிவிட்டால் ஆலையில் கழித்துவிடுவார்கள், தோட்டத்துக்கு நஷ்டம். பழுத்திருக்கிறதா என்று பார்க்க மரத்தடியில் உதிரிப் பழம் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். புதுசாக வந்த பையன் அதைப் பார்க்காமல் வெட்டிவிட்டான். மற்ற தண்டல்கள் சாலையோரம் மோட்டாரில் உட்கார்ந்தபடியே நிரைக்குள் பார்த்துக் கத்துவார்கள். இவர் மோட்டாரை நிறுத்தி, இறங்கி, மட்டை அடுக்கைத் தாண்டி, அந்தப் பையன் கைக்கெட்டுகிற தூரத்துக்கு நடந்து போனார். குலையைக் காலால் புரட்டிக் காட்டி, "இனி பெலும் மாசாக், பாங். தெங்கோக் பாவா டுலு," என்றார், இன்னும் பழுக்கவில்லை, முதலில் கீழே பார் என்று. அதே குரலில்தான் நோட்டை எடுத்து ஒரு காய்க்குலை என்று எழுதிக்கொண்டார். எழுதாமல் விடவில்லை, கத்தவும் இல்லை. மென்மையாக இருந்தால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள் என்று பயப்படுகிறவர்களுக்கு அந்த நோட்டுதான் என் பதில். கண்டிப்பு நோட்டில் இருக்கட்டும், தொண்டையில் எதற்கு?

அவ்வளவு பக்கத்தில் நிற்கும்போது கத்துவதற்கு உடம்பே ஒத்துழைக்காது, முயற்சி செய்து பாருங்கள். அடுப்படியிலிருந்து ஹாலுக்குக் கூப்பிடும்போது முதல் தடவை குரல் காதில் விழாது, இரண்டாவது தடவை ஏறும், மூன்றாவது தடவை திட்டாக மாறும். மூன்றாவது தடவைக்குப் போவதற்குப் பதிலாக நடந்து போய்ப் பிள்ளையின் தோளைத் தொடுங்கள். வயதானவர்கள் வீட்டில் இது இன்னும் முக்கியம். ஆலையில், லாரியில் காலம் தள்ளிய அப்பாக்களுக்குக் காது மந்தமாகியிருக்கும், நாம் சத்தமாகப் பேசப் பேச அது கோபமாகவே அவருக்குக் கேட்கும். அரசாங்க மருத்துவமனையில் காதைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இதோடு ஒரு வாக்கியத்தையும் முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். "இப்படி நடந்தால் நான் இதைச் செய்வேன்" என்று முன்னரே முடிவு செய்து வைப்பதைப் பற்றி கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் ரொம்ப நாள் ஆராய்ந்தார். 2006இல் அவரும் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், வெறும் ஆசையோடு நிற்கிறவர்களை விட இப்படித் திட்டம் வைத்திருப்பவர்கள் நினைத்ததை முடிப்பது தெளிவாகவே கூடுதலாக இருந்தது. "நான் இனிமேல் கோபப்பட மாட்டேன்" என்பது திட்டம் இல்லை. "பிள்ளை டம்ளரைத் தட்டிவிட்டால் முதலில் துணியை எடுப்பேன், பிறகுதான் பேசுவேன்" என்பது திட்டம்.

ஆறேகால் மணிச் சோதனையில் இந்த வழி தேறுவதற்குக் காரணம், இது அந்த நேரத்துக்கென்றே செய்யப்பட்டது. செலவு, இருபது நிமிஷத் தூக்கம். குறையும் உண்டு: மனதின் ஆழத்தில் இருக்கிற பழைய காயத்தை இது தொடாது. அதற்கு முகாமோ, ஆலோசகரோ, நம்பிக்கையான ஒரு நண்பரோ வேண்டும்.

டாக்டரைப் பார்க்கிற வழியை நம் ஆள்கள் கடைசியில்தான் வைக்கிறார்கள், சில பேருக்கு அதுதான் முதலில் வர வேண்டும். திடீரென்று சில மாதங்களாகத்தான் சிடுசிடுப்பு என்றால் அது குணம் இல்லாமல் இருக்கலாம். தூக்கம் கெட்டிருக்கலாம், மனச்சோர்வு இருக்கலாம், தைராய்டு இருக்கலாம். நீரிழிவு மாத்திரையைப் போட்டுவிட்டுப் பசியாறாமல் வேலைக்குப் போனால் சர்க்கரை இறங்கி எரிச்சல் வரும், நம் வீடுகளில் நீரிழிவு எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்), மனநலத்துக்கான கேள்வித்தாளும் அங்கேயே உண்டு. பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்கு அடிக்கலாம்.

கை நீட்டுகிற வீடாக இருந்தால் இந்தக் கட்டுரையின் ஒப்பீடே அங்கே பொருந்தாது. அடி வாங்குகிறவர், அடிக்கிறவர் சாந்தமாகும் வரை காத்திருக்க வேண்டாம், தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசி 15999 எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

எனவே யார் எதை எடுப்பது? சின்னப் பிள்ளைகளோடு காலையில் ஓடுகிறவர்களும், தண்டல், சூப்பர்வைசர், ஆசிரியர் மாதிரி நாள் முழுக்க ஆள்களுக்குக் கட்டளை போடுகிறவர்களும் அவசரத்திலும் தூரத்திலும் ஆரம்பியுங்கள். மாலை போடுகிறவர்கள் போடுங்கள், அழைக்கிற விதத்தை மட்டும் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். தனியாக இருப்பவர்கள் அன்னதான அடுப்புப் பக்கம் போங்கள். நேரமும் விடுப்பும் உள்ளவர்கள் முகாம். உடம்பில் சந்தேகம் உள்ளவர்கள் முதலில் கிளினிக்.

எதை எடுத்தாலும் வீட்டில் அறிவிக்காதீர்கள். "இனிமே நான் மாறப்போறேன்" என்று சொன்ன அன்றைக்கே எல்லாரும் சோதித்துப் பார்ப்பார்கள். முதல் சில வாரம் பிள்ளைகள் சந்தேகமாகத்தான் பார்க்கும், "அம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்று அண்ணனும் தங்கையும் கிசுகிசுக்கும், பெண்டாட்டி "காசு ஏதாச்சும் வேணுமா?" என்று கேட்கலாம். அவர்கள் இத்தனை வருஷம் கேட்ட குரல் அது, நம்பக் கொஞ்ச நாள் பிடிக்கும். அதற்குள் ஒரு நாள் பழைய குரல் வந்துவிட்டால் அன்றைக்கே, பக்கத்தில் போய், "சத்தம் போட்டுட்டேன்பா, மன்னிச்சுக்கோ" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். ஏன் சத்தம் போட்டேன் என்ற விளக்கம் மட்டும் வேண்டாம், அது மறுபடி திட்டில் போய்த்தான் முடியும்.